ஊருக்கு வாறீங்களா? அம்மாவை ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போங்க

 

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் எழுந்து ஓடுகிறவர்களுக்கு இம்போசிஷன் உண்டு.

மே லீவு வருகிறது. வருஷா வருஷம் இந்தச் சமயத்தில் என் இன்பாக்ஸில் வந்து விழுகிற கேள்வி ஒன்றுதான். "டீச்சர், பத்து நாள் ஊருக்கு வாறோம். திருநெல்வேலியில இப்போ எங்க சாப்பாடு நல்லாருக்கு?" சென்னையிலிருந்து கேட்கிறான், பெங்களூருவிலிருந்து கேட்கிறாள், துபாயிலிருந்து கேட்கிறான். இந்தத் தடவை பிரான்சிலிருந்தும் ஒருத்தி கேட்டிருக்கிறாள். மூன்றாம் வகுப்பில் மதியச் சாப்பாட்டைப் பாதி மூடி வைத்துவிட்டு விளையாட ஓடின பிள்ளைகள் இன்றைக்குச் சாப்பாட்டைத் தேடி எழுதுகிறீர்கள். சந்தோஷம்.

நான் சொல்லத் தகுதி உள்ளவள்தான். 2019-இல் ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் நாலு டீச்சர்கள் சேர்ந்து ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஏதாவது ஒரு ஹோட்டலில் மதியச் சாப்பாடு. பில்லை நாலாகப் பங்கு போட்டுக்கொள்வோம். முதல் தடவை போனபோது பரிமாற வந்த பையன், "ஆம்பளைங்க யாரும் வரலியாம்மா?" என்று கேட்டான். "ஏன்டா, அவங்க வந்துதான் எங்களுக்கு ஊட்டி விடணுமா?" என்று எங்கள் கணக்கு டீச்சர் கேட்டார். அதன் பிறகு அந்தப் பையன் எங்களைக் கண்டால் தனியாக ஒரு அப்பளம் கொண்டு வந்து வைப்பான்.

ஆகவே பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் டீச்சர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். யாரைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறீர்கள்?

நான் ஏன் கேட்கிறேன் என்றால், நீங்கள் வந்து போகிற பத்து நாளில் உங்கள் வீட்டில் நடப்பதை நான் பார்க்கிறேன். நானும் இதே ஊரில்தானே இருக்கிறேன். காலையில் இட்லி, இடியாப்பம். மத்தியானம் சொதி. சாயங்காலம் முறுக்கு, உளுந்த வடை. இரவு தோசை, இரண்டு சட்னி. மறுநாள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். அதற்கு மறுநாள் கூட்டாஞ்சோறு. "அம்மா கைப்பக்குவம்" என்று போட்டோ எடுத்துப் போடுகிறீர்கள். நானும் லைக் போடுகிறேன். அந்த அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அடுப்படியில் நிற்கிறார். ஒரு சாயங்காலம் நீங்கள் எல்லாரும் காரில் ஏறி பார்டர் புரோட்டாவுக்குப் போகிறீர்கள். காரில் இடம் இல்லை, அம்மா வரவில்லை. திரும்பி வரும்போது "அம்மாவுக்கு ஒரு பார்சல்" வருகிறது. இரவு பதினொரு மணிக்கு, ஆறிப்போய்.

இது உங்கள் மேல் உள்ள குற்றச்சாட்டு இல்லை. நானும் இதையே செய்தவள்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் முதன்முதலாக ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டது 1981-இல். ஆசிரியர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கின நாள். அப்பா ஜங்ஷனில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப் போனார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் போனால் 'ஃபேமிலி ரூம்'தான். பச்சைத் திரை, மரத் தடுப்பு, நாலு நாற்காலி. ஃபேன் ஓடவில்லை. ரவா தோசை வந்தது. ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே மிளகும் முந்திரியும். அந்த ருசி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரு மணி நேரம் அந்தத் தோசையைப் பற்றிச் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்கள். அவர்களையும் கூட்டிப் போயிருக்கலாமே என்று அப்பாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள். ஒவ்வொரு மே லீவுக்கும் அம்மா வீட்டுக்குப் போவேன். போன அன்றைக்கே, "எம்மா, சொதி வையேன்" என்பேன். பத்து மாதம் நான் விடியக்காலம் எழுந்து சமைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள், எனக்கு ஓய்வு வேண்டும். நியாயம்தான். ஆனால் அம்மாவுக்கு எந்த மாதம் லீவு என்று நான் கேட்டதே இல்லை.

2007-ஆம் வருஷம் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம். அம்மாவை டவுனுக்குக் கூட்டிப் போயிருந்தேன். தேர் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ரதவீதியில் ஒரு ஹோட்டல் வாசலில் அம்மா நின்றார்கள். "இங்க ரவா தோசை நல்லாருக்குமாமே" என்றார்கள். எனக்கு அன்றைக்குக் கால் வலி, கூட்டம் வேறு. "இந்தக் கூட்டத்துல எங்கம்மா இடம் கிடைக்கும், வீட்டுக்குப் போயி நானே சுட்டுத் தாரேன்" என்றேன். சொன்னபடி சுட்டும் கொடுத்தேன். அம்மா சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு பிள்ளே" என்றார்கள்.

இரண்டு வருஷத்தில் அம்மா போய்விட்டார்கள். அம்மா கேட்டது தோசை இல்லை என்பது எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச காலம் ஆனது. அறுபது வருஷம் மற்றவர்களுக்குப் பரிமாறினவர்கள், ஒரு தடவை தான் உட்கார்ந்து, இன்னொருவர் கொண்டுவந்து வைக்க, சூடாகச் சாப்பிட ஆசைப்பட்டிருக்கிறார்கள். முப்பது ரூபாயோ நாற்பது ரூபாயோ இருந்திருக்கும். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற டீச்சர் மகள் அதைக்கூட வாங்கிக் கொடுக்கவில்லை.

சரி, இனி கண்ணைத் துடைத்துக்கொண்டு பாடத்துக்கு வருவோம். எங்கே போகலாம்?

முதலில் அல்வா. டவுனில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழரத வீதியில் இருட்டுக்கடை. பகலில் போய் நிற்காதீர்கள், சாயங்காலம்தான் திறக்கும். ஒற்றை விளக்கில் நடந்த கடை என்பதால் வந்த பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். வடக்கே இருந்து வந்த குடும்பம் நம் ஊர்ச் சுவையாகவே ஆகிவிட்டது. கிலோ கணக்கில் வாங்கிப் பெட்டியில் அடைத்து சென்னைக்குக் கொண்டுபோகிறீர்கள், சரி. அம்மாவுக்கு நூறு கிராம் சூடாகக் கையில் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்களா? ஆறின அல்வாவும் சூடான அல்வாவும் ஒன்றில்லை. சூட்டில் நெய் மினுங்கும், வாயில் போட்டதும் வழுக்கிக்கொண்டு போகும். கூட்டத்தில் அம்மாவை நிற்க வைக்காதீர்கள். கோயில் பக்கம் உட்கார வைத்துவிட்டு நீங்கள் வரிசையில் நில்லுங்கள். அல்வா தின்ற வாய்க்குக் கொஞ்சம் மிக்சர் மறக்க வேண்டாம். ஜங்ஷன் பக்கம் வசதி என்றால் சாந்தி ஸ்வீட்ஸ். அங்கே ஒரே மாதிரிப் பெயர்ப்பலகைகள் வரிசையாக இருக்கும், பார்த்து வாங்குங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஒரு விள்ளலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதை அவர்களே தீர்மானிக்கட்டும், நீங்கள் கையைத் தட்டிவிட வேண்டாம்.

இரண்டாவது, காலை டிபன். இதற்குப் பெயர் போன ஹோட்டல் வேண்டியதில்லை. டவுன், ஜங்ஷன், வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை எங்கே போனாலும் சுமாரான சைவ ஹோட்டலில்கூட இட்லியும் ரவா தோசையும் நன்றாகவே இருக்கும். நான் பார்க்கிறது வேறு. கீழ்த்தளத்தில் உட்கார இடம் இருக்கிறதா? ஏசி ஹால் மாடியில் என்பார்கள், இருபத்திரண்டு படி இருக்கும். நாற்காலிக்கு முதுகு இருக்கிறதா? கை கழுவுகிற இடத்தில் தரை வழுக்குமா? வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா? இதை நீங்கள் முன்னதாக ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பிறகு கூட்டிப் போங்கள். வயதானவர்கள் "எனக்கு ஹோட்டல் பிடிக்காது" என்று சொன்னால் பாதிக் காரணம் இந்தக் கடைசிக் கேள்விதான். வெளியே சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது, குற்றாலமும் பார்டரும். ஜூன் கடைசியில் வருகிறவர்களுக்குச் சாரல் கிடைக்கும். இங்கிருந்து ஒன்றரை மணி நேரம். நான் சைவம், அதனால் செங்கோட்டை பக்கம் பிரானூர் பார்டர் ரஹ்மத் கடையைப் பற்றி என் மருமகன் சொன்னதைத்தான் சொல்ல முடியும். புரோட்டா சின்னதாக, மெத்தென்று இருக்குமாம். கூட நாட்டுக்கோழி, காடை. "அத்தை, அங்க போயிட்டு ஆறு புரோட்டாவுக்குக் கம்மியா யாரும் எந்திரிக்கமாட்டாங்க" என்கிறார். அசைவக் குடும்பங்களில் எத்தனையோ அம்மாக்கள் கோழி அடித்துக் கொடுத்தே பழகினவர்கள். குழம்பில் கழுத்தும் இறக்கையும்தான் அவர்கள் பங்கு. அங்கே கூட்டிப் போய் ஒரு முழுத் துண்டை அவர்கள் இலையில் வையுங்கள். எந்தத் துண்டு வேண்டும் என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள்.

நான்காவது, கிழக்கே போகிறவர்களுக்கு. தூத்துக்குடியில் பொரித்த புரோட்டா. அந்தக் கடைகளுக்கு அங்கே 'நைட் கிளப்' என்று பெயர். வெளியூர் மருமகள்கள் கேட்டுப் பயந்துவிட வேண்டாம், புரோட்டாக் கடைதான். பேக்கரியில் மக்ரூன், முந்திரிப் பருப்பும் முட்டை வெள்ளையும் சீனியும் சேர்த்தது. தொட்டாலே நொறுங்கும், பல் இல்லாதவர்களுக்கும் ஆகும். திருச்செந்தூர் போனால் சில்லுக்கருப்பட்டி. உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது கிடைக்கும் முன்னாலேயே நம் பாட்டிகள் அந்தக் கருப்பட்டியில்தான் காபி போட்டார்கள். இந்த மாதத்தில் வழியில் பதநீர் விற்பார்கள். பனை ஓலைப் பட்டையில் ஊற்றி, நுங்கைக் கீறிப் போட்டுத் தருவார்கள். காரை ஓரமாக நிறுத்தி அம்மாவை இறக்கிவிட்டு, பட்டையை அவர்கள் கையில் கொடுங்கள். எந்த ஏசி ஹாலும் அதற்கு ஈடில்லை.

ஐந்தாவது, தாமிரபரணிக் கரை. பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கம் போய்க் குளித்துவிட்டுக் கட்டுச்சோறு சாப்பிடுவது நம் ஊர் வழக்கம். "நம்ம ஊர்ல எதுக்கு ஹோட்டல், ஆத்தங்கரையில உட்காந்து புளியோதரை சாப்பிட்டா அதுக்கு மேல என்ன இருக்கு" என்று என் தம்பி சொல்வான். வாஸ்தவம்தான். ஆனால் அந்தப் புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் முதல்நாள் ராத்திரியே காய்ச்ச வேண்டும். மூன்று மணிக்கு எழுந்து சோறு வடிக்க வேண்டும். தயிர்சோறு தனி, துவையல் தனி. இதைச் செய்தவர் ஆற்றங்கரையில் ஒரு மர நிழலில் தூங்கிவிடுவார். அவருக்கு அது பிக்னிக் இல்லை. சாப்பாட்டைக் கடையில் பொட்டலமாக வாங்கிக்கொள்ளுங்கள். கல்லிடைக்குறிச்சி அப்பளம் ஒரு கட்டு வாங்கி வாருங்கள். இலையை, பிளாஸ்டிக்கை ஆற்றில் விடாதீர்கள். பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேருகிற வரைக்கும் நம்முடைய ஆறுதான் அது. அல்வா ருசிக்கே தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று ஊரெல்லாம் பெருமை பேசிவிட்டு, அதிலேயே சாக்கடையைக் கலக்க விட்டிருக்கிறோம்.

இவ்வளவு சொல்லியும் ஒரு குறை இருக்கிறது. நான் சொன்ன பட்டியலைப் பாருங்கள். இட்லி, தோசை, அல்வா, புரோட்டா. சொதி இருக்கிறதா? உளுந்தஞ்சோறு இருக்கிறதா? கூட்டாஞ்சோறு, தீயல், புளிமிளகாய் இருக்கிறதா? நம் ஊர்ச் சாப்பாடு என்று நீங்கள் வெளியூரில் உட்கார்ந்து ஏங்குவது எதுவோ, அது நம் ஊர் ஹோட்டல் மெனு அட்டையில் அநேகமாக இருக்காது. நாங்கள் நாலு பேரும் போகிற இடமெல்லாம் கேட்கிறோம். ஃப்ரைடு ரைஸ் இருக்கிறது, பனீர் பட்டர் மசாலா இருக்கிறது. சொதி கேட்டால், "அது வீட்டுச் சாப்பாடும்மா" என்கிறார்கள்.

ஏன் வீட்டுச் சாப்பாடு? கொஞ்சம் யோசியுங்கள். சொதிக்குத் தேங்காயைத் துருவி மூன்று தடவை பால் எடுக்க வேண்டும். பாசிப்பருப்பைத் தனியாக வேகவைக்க வேண்டும். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் எல்லாவற்றையும் ஒரே அளவில் நறுக்கி, மூன்றாம் பாலில் வேகவிட்டு, இரண்டாம் பாலைச் சேர்த்து, கடைசியில் முதல் பாலை ஊற்ற வேண்டும். ஊற்றின பிறகு கொதிக்க விட்டால் திரிந்துவிடும். இறக்கின பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். கூட இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ் இல்லாமல் சொதிச் சாப்பாடு கிடையாது. அத்தனையும் செய்து வைத்தால் மதியத்துக்குத்தான். சாயங்காலம் வரை வைத்துச் சூடு பண்ண முடியாது. தேங்காய் விலை வேறு தெரியும். ஹோட்டல் முதலாளி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கட்டுப்படியாகாது என்று விட்டுவிடுகிறார். வீட்டில் அந்தக் கணக்கை யாரும் போடவில்லை. கூலி இல்லாத கை ஒன்று இருந்ததால் கட்டுப்படியானது.

இன்னொன்றும் பாருங்கள். அல்வாவும் கஷ்டமான வேலைதான். கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் எடுத்து, புளிக்க வைத்து, சீனியும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்காகக் கிண்ட வேண்டும். அதை யாராவது அம்மாவிடம் கேட்கிறோமா? இல்லை. அது ஆள் வைத்துக் கூலி கொடுத்துச் செய்கிற வேலை என்று ஒத்துக்கொண்டு, கொடுக்க வேண்டிய காசைக் கொடுத்து வாங்குகிறோம். அதனால்தான் அல்வா நூறு வருஷத்துக்கு மேல் நிலைத்து நிற்கிறது, ஊருக்கும் பெயர் வாங்கித் தந்தது. சொதி அம்மாவோடு வந்தது, அம்மாவோடு போய்விடும்போல இருக்கிறது. என் மகளுக்கு வைக்கத் தெரியும், நேரம் இல்லை. பேத்திக்குத் தெரியாது.

பிரான்சில் இருக்கிற மாணவி லியோன் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறாள். ஊரைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டம், ஒயினுக்குப் பேர் போன இடம், சாப்பாட்டுக்கு அதைவிடப் பேர். அங்கே ஹோட்டல் சாப்பாட்டுக்குப் பெருமை தேடித் தந்தவர்களில் பெரிய பங்கு பெண்களுக்காம். 'லியோனின் அம்மாக்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். பணக்கார வீடுகளில் சமையல் வேலை பார்த்தவர்கள் வெளியே வந்து சொந்தமாகச் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். வீட்டில் செய்ததையே கடையில் செய்தார்கள். யூஜெனி பிரேசியே என்று ஒரு அம்மா, 1895-இல் பிறந்தவர். 1921-இல் கடை போட்டார். 1933-இல் மிஷெலின் கையேடு அவருடைய இரண்டு உணவகங்களுக்கும் மூன்று மூன்று நட்சத்திரம் கொடுத்தது. பிறகு உலகப் புகழ் பெற்ற பால் போக்யூஸ் என்ற சமையல் நிபுணர் அவரிடம் வேலை கற்றவர். இதையெல்லாம் அவள் எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, நம் ஊரில் இப்படி எத்தனை பேர் பெயர் தெரியாமல் போனார்கள் என்பதுதான்.

நம்மிடமும் பெண்கள் சமைத்து ஊருக்குப் போட்டது இல்லையா? இருக்கிறது. 1982-இல் சத்துணவுத் திட்டம் விரிந்தபோது ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒரு அம்மா வந்தார்கள். எங்கள் பள்ளியில் நூற்றிருபது பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டவரை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். "ஆயா, இன்னும் கொஞ்சம்" என்று தட்டை நீட்டினவர்கள்தானே நீங்கள்? 2013-இல் அம்மா உணவகம் வந்தது. ஒரு ரூபாய்க்கு இட்லி போட்டது சுயஉதவிக் குழுப் பெண்கள். ஊரையே சாப்பிட வைக்க நம் பெண்களுக்குத் தெரியும். வீட்டுச் சமையலுக்கு விலை வைக்கத்தான் நமக்கு மனசு வரவில்லை.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது பாளையங்கோட்டையில் வீட்டிலேயே மெஸ் நடத்துகிறாள். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை முதல்நாளே சொல்லி வைத்தால் சொதிச் சாப்பாடு செய்து கொடுக்கிறாள். என் அம்மா வைத்த சொதிக்கு ஒரு மாற்றுக் குறைவுதான், அதுவும் என் அம்மா என்பதால். அவள் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டாள். "டீச்சர், பீட்சாவுக்கு ஐநூறு ரூபாய் கேள்வி கேக்காம குடுக்கிறவங்க, சொதிக்கு இருநூறான்னு பேரம் பேசுதாங்க. 'எங்க அம்மா இதை சும்மா செய்வாங்களே'ங்காங்க." பிள்ளைகளே, அம்மா சும்மா செய்யவில்லை. நாம் காசு கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்படி வீட்டிலிருந்து செய்து கொடுக்கிற பெண்கள் இப்போது ஒவ்வொரு பேட்டையிலும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள். விசாரித்துக் கண்டுபிடியுங்கள். கேட்ட விலையைக் கொடுங்கள். ஹோட்டலுக்குப் போனாலும் சொதி இருக்கிறதா என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் வைக்கமாட்டார்கள், நானூறு பேர் கேட்டால் வைப்பார்கள்.

இனி சொந்தக்காரர்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "மதினி, அம்மாவுக்குப் பிள்ளைகளுக்குச் சமைச்சுப் போடுறதுதானே சந்தோஷம்?" ஆமாம், சந்தோஷம்தான். என் மகன் வந்தால் எனக்கும் அடுப்படிக்குப் போகத்தான் கால் இழுக்கும். வந்த அன்றைக்குச் சமைக்கட்டும். கிளம்புகிற அன்றைக்கும் சமைக்கட்டும். நடுவில் எட்டு நாள் இருக்கிறதே! சந்தோஷத்துக்கும் முழங்கால் உண்டு.

"வெளிச் சாப்பாடு வயித்துக்கு ஆகாது." தினமும் தின்றால் ஆகாது. பத்து நாளில் மூன்று வேளை ஒன்றும் செய்யாது.

"கூப்பிட்டாலும் வரமாட்டாங்க." ஒரு தடவை கூப்பிட்டால் வரமாட்டார்கள்தான். அவர்கள் அப்படித்தான் வளர்ந்தார்கள். "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு எதுக்கு" என்பார்கள். "நீங்க வரலைன்னா நாங்களும் போகலை" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். பத்து நிமிஷத்தில் சேலை மாற்றிவிட்டு வருவார்கள்.

போன இடத்தில் சில விஷயங்கள். மெனு அட்டையை அவர்கள் கையில் கொடுங்கள், கண்ணாடியையும் எடுத்துக் கொடுங்கள். "அம்மாவுக்கு ரெண்டு இட்லி" என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள். விலையைப் பார்த்து, "இந்தக் காசுக்கு வீட்டுல பத்துப் பேரு சாப்பிடலாம்" என்பார்கள். சொல்லட்டும், அதுவும் ஹோட்டல் அனுபவத்தில் சேர்ந்ததுதான். சாம்பாரில் உப்பு கம்மி, சட்னியில் பொட்டுக்கடலை கூட என்று குறை சொல்வார்கள். ரசித்துக் கேளுங்கள். வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் சொன்ன குறையைக் கேட்டவர்கள், ஒருநாள் அவர்கள் சொல்லட்டும். பென்ஷன் வாங்குகிற அம்மாவாக இருந்தால் பில்லைத் தானே கொடுக்க ஆசைப்படுவார்கள். தடுக்காதீர்கள்.

கையில் காசு குறைவாக உள்ள பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு வருத்தப்பட வேண்டாம். பெரிய ஹோட்டல் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. தெருமுனையில் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி, ஒரு சுக்குக் காபி. பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்து, நீங்கள் வாங்கிக்கொண்டு வந்து கையில் கொடுத்தால் போதும். அம்மா இல்லாதவர்கள் பெரியம்மா, சித்தி, அத்தை, பக்கத்து வீட்டு ஆச்சி யாரையாவது கூப்பிடுங்கள். அம்மாவைக் கவனித்துக்கொண்டு ஊரிலேயே இருக்கிற உங்கள் அண்ணன் மனைவியைக் கூப்பிட மறக்காதீர்கள். நீங்கள் வந்தால் அவளுக்குத்தான் வேலை இரட்டிப்பு.

எனக்கு இன்றைக்கும் ரவா தோசை வந்தால் முதல் விள்ளலை எடுத்து ஒரு நிமிஷம் கையில் வைத்திருப்பேன். பக்கத்தில் இருக்கிற கணக்கு டீச்சருக்குத் தெரியும், ஒன்றும் கேட்கமாட்டார். உங்களுக்கு அந்தக் கஷ்டம் வரக் கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

லீவு முடிந்து போனதும் கீழே கமெண்டில் எழுதுங்கள். எங்கே சாப்பிட்டீர்கள் என்பதை அப்புறம் எழுதலாம். யாரைக் கூட்டிப் போனீர்கள், அவர்கள் என்ன கேட்டுச் சாப்பிட்டார்கள் என்று முதலில் எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் இந்தத் தடவை மார்க் குறைக்கமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்